தனக்கே கடன் தராத டைலர்

இந்த மலாயா மண்ணில் தன்னிடமே கடன் கேட்டு, தனக்கே "கிடையாது" என்று சொல்லிக்கொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்து டைலர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாளக் கார்டைப் பரிசோதிக்கிற போலீஸ்காரருக்கு மட்டும்தான் அது தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் ரெண்டு பை டைலர்.

அவசர காலத்தில் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்த சமயம் அது. என் கடை வாசலின் ஓரத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டு டைலர் உட்கார்ந்திருப்பார். வாடகை மாதம் பிறந்ததும் தவறாமல் வந்துவிடும். ஆலோசனை மட்டும் நாள் தவறாமல் வரும்.

ஆலோசனை என்றால் ஒன்றே ஒன்றுதான். தொழில் காசு வேறு, வீட்டுக் காசு வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டவன் உருப்பட மாட்டான். இதை வாயால் சொன்னதோடு விட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. யார் சட்டை தைக்கக் கொடுத்தாலும், கேட்காமலே இரண்டு பை வைத்துத் தைத்துவிடுவார். இடது பை தொழிலுக்கு, வலது பை வீட்டுக்கு. கல்யாண மாப்பிள்ளை சட்டைக்கும் அதே, தொட்டில் பிள்ளை சட்டைக்கும் அதே. பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிற ஒருவர், தனக்கு ஏது தொழில், ஒரு பையைப் பிரித்துவிடும் என்று சண்டைக்கே வந்தார். டைலர் அசரவில்லை.

"நீ கோழி வளக்கிறல்ல? முட்டை விக்கிறல்ல? கோழிக்குப் போட்ட தீனி எந்தக் காசுலா, சொல்லு பார்ப்போம்."

அந்த மனிதர் இரண்டு பைச் சட்டையோடு வீட்டுக்குப் போனார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்துவிடாதீர்கள். டைலரின் சொந்தச் சட்டை தோளில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் தைத்துக்கொண்ட சட்டைக்கு அவருடைய வலது பை இடது பைக்குக் கூலி பாக்கி. பாக்கி தீராமல் புதுச் சட்டை கிடையாது என்று கடைக்காரராகிய அவர், வாடிக்கையாளராகிய அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துணியும் உங்களது, மிஷினும் உங்களது, கையும் உங்களது, ஒரு தையல் போட்டுக்கொண்டால் என்ன அண்ணே என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "ஒருத்தனுக்கு எளக்கம் காட்டினா எல்லாரும் வந்து நிப்பாங்க தம்பி" என்றார். தையற்காரர் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புதுச்சட்டை தைத்தார்.

வருமான வரி இந்த நாட்டுக்கு வந்த புதிது. வரி என்றதும் வியாபாரிகள் எல்லாம் தலைமறைவாக, இவர் மட்டும் வரியைத் தேடிக்கொண்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினார். போகும்போது முகத்தில் கல்யாணக் களை. சாயங்காலம் திரும்பியபோது முகம் தொங்கிப்போயிருந்தது. இந்த வருமானத்துக்கு வரியே கிடையாது, வீட்டுக்குப் போங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். "பத்தாதுன்னுட்டாங்க தம்பி" என்று தணிந்த குரலில் சொன்னார். பரீட்சையில் தோற்றவரைத் தேற்றுகிற மாதிரி நான் தேற்ற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவர் கவனம் முழுவதும் என் மேல் திரும்பியது. நீ வரி கட்டுகிற ஆளாக வரப்போகிறாய், அதனால் இப்போதே பழகிக்கொள், கடைச் சாமானை வீட்டுக்கு எடுத்தால் மற்றவர்களைப் போலக் காசு போட்டு, எழுதி வைத்து எடு என்றார். எழுதாமல் எடுத்தால் எது விற்றது, எது நீ தின்றது என்று உனக்கே தெரியாமல் போகும் என்றார். என் கடையில் நானே காசு கொடுத்து வாங்குவதா? கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் காதில் விழாதது போல மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார்.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது.

அந்தக் காலத்தில் பால் டின்னை அப்படியே விற்கக் கூடாது. காட்டுக்குக் கடத்திப் பதுக்கி வைக்க முடியாதபடி, விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்கு எத்தனை விற்றோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். சரக்கு அளவாகத்தான் வரும். எனக்கோ கரண்டி நிற்கிற மாதிரி பால் ஊற்றிய காப்பி இல்லாவிட்டால் பொழுது விடியாது. என் மனைவி பார்வதிக்கு ரொட்டி பாலில் மிதக்க வேண்டும். ஆகவே சரக்கு குறையக் குறைய, மிச்சமுள்ள டின்கள் சத்தமில்லாமல் வீட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். முனியம்மா என்று மரம் வெட்டுகிற பெண் ஒருத்தி, தாய்ப்பால் போதாத கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "பால் ஹபீஸ்மா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

ஒரு நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் போலீஸ்காரர்களோடு வந்து சரக்கைச் சோதித்தார். வந்த டின்னுக்கும் விற்ற டின்னுக்கும் பெரிய இடைவெளி. அன்றைக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான்: டின் காட்டுக்குப் போயிருக்கிறது. அப்படிப் போனால் கடைக்காரனை உள்ளே தள்ளுவார்கள், இல்லை என்றால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்கள். ரப்பர் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த சனமெல்லாம் கடை வாசலில் கூடிவிட்டது. முன்வரிசையில் முனியம்மா, இடுப்பில் பிள்ளை.

நான்தான் குடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். எலி கொண்டு போயிருக்கும் என்றேன்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், அரைகுறைத் தமிழ் தெரிந்தவர். "எலி டின் தூக்குமா? எந்த எலி, காட்டு எலியா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. விலங்கை எடுக்கச் சொன்னார். பார்வதி கதவுக்குப் பின்னால் அழத் தொடங்கினாள். அந்த நிமிஷத்தில் என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன்: ஜெயிலுக்கே போய்விடலாம், முனியம்மா முன்னால் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைத்தேன். கையைக்கூட நீட்டிவிட்டேன்.

மிஷின் சத்தம் நின்றது. டைலர் எழுந்து வந்தார்.

"துவான், கடைக்குப் பின்னால குப்பைக் குழி இருக்கு. அதத் தோண்டிப் பாருங்க."

அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. போலீஸ்காரர்கள் மண்வெட்டியோடு பின்பக்கம் போனார்கள். வந்தது பாருங்கள், காலிப் பால் டின், பால் டின், நடுநடுவே சார்டின் டின். எல்லாவற்றையும் கடை வாசலில் வரிசையாக அடுக்கினார்கள். காணாமல் போனதைவிட அதிகமாகவே இருந்தது. இன்ஸ்பெக்டர் டின்களைப் பார்த்தார், என் தொந்தியைப் பார்த்தார், "மக்கான் சாஜா" என்றார். வெறுமே தின்றிருக்கிறான் என்று அர்த்தம். எழுதி வைக்காத குற்றத்துக்கு அபராதம் போட்டுவிட்டு விலங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனம் போகவில்லை. முனியம்மா அந்த டின் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு இல்லேன்னீங்களே."

அவ்வளவுதான் கேட்டாள். ஏசியிருந்தால்கூட நான் நிமிர்ந்திருப்பேன்.

மறுநாளிலிருந்து சனங்கள் காசைப் பலகையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சாமான் வாங்கிப் போனார்கள். இவனைத் தோட்டத்தை விட்டு அனுப்ப வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போகத் தயாரானார்கள். அனுப்பினால் எனக்குப் போக்கிடம் கிடையாது. பார்வதி பாத்திரங்களைக் கட்டி வைக்கத் தொடங்கினாள். ஆனால் யாரும் தொரை பங்களாவுக்குப் போகவில்லை. ஏன் என்று சில நாள் கழித்து, முனியம்மா கடைக்கு வந்தபோது தெரிந்தது. அவள் என்னிடம் வரவில்லை. நேரே டைலர் முன்னால் போய் நின்றாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசனா? தெனமும் அவங்க வீட்டுல நுழைஞ்சு, பாதிப் பாலை நீதான் காப்பி போட்டுக் குடிச்சியாமே?"

"ஆமா தங்கச்சி. ருசி கண்டுட்டேன்" என்றார் டைலர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லயம் லயமாகப் போய் இவரே அப்படிச் சொல்லி, சனத்தின் கோபத்தைத் தன் மேல் திருப்பிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்தது கிடையாது. முனியம்மா அன்றைக்கு அவரை ஏசாத ஏச்சு இல்லை. நான் தராசுக்குப் பின்னால் நின்று சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். இல்லைம்மா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிறுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அவர் மிஷினை மூடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"உன்னை அனுப்பிட்டா நான் எங்க போய் மிஷின் போடுறது? வியாபாரம்லா தம்பி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எனக்குப் பொண்டாட்டி புள்ளையா இருக்கு? திட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

அதன் பிறகு லயத்துச் சனம் ரொம்ப நாள் அவரிடம் துணி கொடுக்கவில்லை. அவர் இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை. இன்று அவரும் இல்லை, முனியம்மாவும் இல்லை. அவள் இடுப்பில் இருந்த பிள்ளை வளர்ந்து மந்தின் ஊரில் லாரி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

தம்பி, நீ இந்தப் பத்திரிகை படிப்பாயோ என்னவோ. உன் பாலைக் குடித்தவன் நான். டைலர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவரைப் பற்றி உன் அம்மா ஏதாவது சொல்லியிருந்தால் தயவுசெய்து நம்பாதே. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அண்ணன் என்றால் எனக்கு அவர்தான்.