ஏழ்கரை நாட்டின் மிகப் பழைய புதுப் பாலம்

ஏழ்கரை நாட்டில் ஓடுவது ஒரே ஓர் ஆறு. ஓர் ஆற்றுக்கு ஏழு கரை எப்படி வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. அமைச்சரவை கூடி எண்ணிய கணக்கு அது.

அந்த நாட்டை அகண்டவர்மர் என்ற வேந்தர் ஆண்டுவந்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத்தான் அவர் அரியணை ஏறுவார். ஏறியதும் இறங்கும் வழி அவருக்கு மறந்துபோகும். போகட்டும், பாவம் என்று மக்களும் அவரை அங்கேயே விட்டுவைப்பார்கள்.

நாட்டின் பொறியாளர்கள் இருக்கிறார்களே, அசகாய சூரர்கள். நெல் வேரிடம் தாகமா என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்தார்கள். கடல்நீரை ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் இளநீர் போலத் துப்பும் எந்திரம் செய்தார்கள். காலையில் ஊற்றத் தொடங்கினால் மாலையில் பால் காய்ச்சலாம் என்னும்படி வீடுகளை அச்சில் வார்த்தார்கள். ஒரு நெசவாலையில் தறிகள் தாமாகவே நூல் அறுந்ததைப் பார்த்து, தாமாகவே முடிச்சுப் போட்டு, மேஸ்திரி திட்டுவதற்கு முன் தாமாகவே மன்னிப்பும் கேட்டன.

ஒரே ஒரு சிக்கல். ஏழ்கரை நாட்டு வழக்கப்படி, புதிய பொருள் எதுவானாலும் அதன் முன் சிவப்பு நாடா கட்ட வேண்டும். அந்த நாடாவை வேந்தர் தம் திருக்கரத்தால் வெட்டும்வரை அது இயங்கக் கூடாது.

அந்தத் திருக்கரத்துக்குக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பவர்தான் நம்முடைய மாசிலாமணி. பதவியின் பெயர் அரண்மனைத் தாம்பாள அதிகாரி. வெள்ளித் தாம்பாளத்தில் பட்டு விரித்து, தங்கக் கத்தரிக்கோலை நடுவில் கிடத்தி, வேந்தரின் கைக்கு எட்டும் உயரத்தில் அசையாமல் ஏந்தி நிற்பது அவர் உத்தியோகம். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தாம்பாளம் ஆடாது. ஈ தான் வெட்கப்பட்டு எழுந்து போகும்.

பொறியாளர்கள் நூறு கை வேகத்தில் செய்ய, வேந்தர் ஒரே கையால் வெட்டினால் என்ன ஆகும்? நாடெங்கும் நாடா கட்டிய எந்திரங்கள் கல்யாணமாகாத மாப்பிள்ளைகள் போல வரிசையில் நின்றன. திறப்பு விழா அமைச்சர் கும்பலிங்கனார் இதைத் தீர்க்க ஓர் ஆணை பிறப்பித்தார்.

"பழுது பார்க்கப்பட்ட பொருளும் மறுபிறவி எடுத்ததே ஆகும். ஆதலால் அதற்கும் நாடா கட்டப்படும்."

வரிசை இரண்டு மடங்கானது. ஒரு பம்புக்கு வாஷர் மாற்றினார்கள், நாடா கட்டிவிட்டார்கள், பயிர் காய்ந்தது. விவசாயிகள் முறையிட்டபோது அமைச்சர் அடுத்த ஆணையை வாசித்தார். "இயங்காதிருப்பது பழுதன்று, வேந்தருக்குக் காட்டும் மரியாதை."

பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே நேரத்தில் ஆயிரம் நாடாவை வெட்டும் எந்திரம் ஒன்றைச் செய்து அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். அமைச்சர் மனமாரப் பாராட்டினார். அது புதிய எந்திரம் அல்லவா, அதற்கும் ஒரு நாடா கட்டி வரிசையின் கடைசியில் நிறுத்தினார்.

இவ்வளவும் மாசிலாமணிக்குச் சரியாகவே பட்டது. வரிசை நீண்டால் தாம்பாளத்துக்குத்தானே வேலை! ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்த அவர் மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய வேளை வரும்வரை அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆற்றில் திடீரென வெள்ளம் வந்தது. பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். செண்பகத்துக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்று அக்கரை டாக்டர் கையை விரித்தார். பெரிய ஆஸ்பத்திரி இக்கரையில் இருந்தது. போன தேர்தலுக்கு முன் அவசரமாகத் திறந்திருந்ததால், நல்லவேளை, அது வேலையும் செய்தது.

இரண்டு கரைக்கும் நடுவே ஒரு பாலமும் இருந்தது. சாதாரணப் பாலமா அது! தலைமைப் பொறியாளர் நப்பின்னை கட்டியது. விரிசல் விட்டால் அதன் கான்கிரீட் தானே ஊறித் தானே மூடிக்கொள்ளும். உடம்பெல்லாம் உணர்கருவி. தன்மேல் எத்தனை பாரம், காற்று எந்தப் பக்கம், தன் உடல்நிலை எப்படி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வாய் திறந்து சொல்லும். அத்தனையும் முடிந்து, முகப்பில் சிவப்பு நாடாவோடு நின்றது.

மாசிலாமணி அமைச்சரிடம் ஓடினார்.

"பாலத்தை இன்றே திறக்க வேண்டும், ஐயா. என் மகள்..."

"மாசிலாமணி, நீரே இப்படிப் பேசலாமா?" என்றார் கும்பலிங்கனார். "வேந்தர் திறப்பு விழாக்களின் வெள்ளி விழாவைத் திறந்துவைக்க வடக்கே எழுந்தருளியிருக்கிறார். திரும்பியதும் நற்செய்தி வரும். அதுவரை குழந்தையைப் பொறுத்திருக்கச் சொல்லும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி பர்வதம் தாம்பாளத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் கத்தரிக்கோல் ஏந்தினீங்களே, உங்க பொண்ணு வர்ற வழிய வெட்டிவிட ஒரு வழியில்ல. அந்தத் தட்டுல நாலு முறுக்கு வச்சிருந்தாலாவது யாருக்காவது உபயோகமாயிருக்கும்."

இருவரும் பாலத்துக்கு விரைந்தார்கள். அங்கே நாடாக் காவல் தளபதி வீரபாகு மீசையோடும் ஈட்டியோடும் நின்றார். நப்பின்னை அவரிடம் தொண்டை வறளச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாடாவைத் தூக்கிப் பிடிங்க, அந்தப் பிள்ளத்தாச்சி வண்டி கீழ புகுந்து வந்துடட்டும்!"

"அம்மா, எங்கிட்ட கத்தி பிரயோஜனமில்ல," என்றார் வீரபாகு. "புதுசுன்னா வேந்தர் தொடணும். அதுதான் சட்டம். பழசுன்னா எனக்கென்ன இங்க வேலை? வீட்டுல படுத்துத் தூங்குவேன். இப்பகூட சோறு தின்னப் போகணும்."

அவர் சோறு தின்னப் போனார். நப்பின்னையும் மாசிலாமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசிலாமணியின் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் தலைக்குள் ஆணைக்கு அப்பாற்பட்ட ஒன்று ஓடியது.

"ஏம்மா, பாலத்த வயசாக்க முடியுமா?"

"ஐயா," என்றாள் நப்பின்னை, "அரசாங்கத்துல நல்ல யோசனையும் வரும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பர்வதம் ஊருக்குள் போய் ஒரு குரல் கொடுத்தாள். ஊரே திரண்டது. மோரில் சாணத்தைக் கரைத்து, பாசி பிடித்ததுபோல் தூண்களில் அடித்தார்கள். போன நூற்றாண்டு மருந்து விளம்பரத்தை ஒட்டி, பாதியைக் கிழித்தார்கள். வெற்றிலைக் கூட்டம் வரிசையாக நின்று துப்பியது. இவ்வளவு நாளாகத் துப்பாதே என்று திட்டு வாங்கியவர்களுக்கு அன்று நாட்டுப்பற்று பொங்கியது. ஒரு கிழவர் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து நடுப்பாலத்தில் போட்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே படுத்திருப்பவர்போல் குறட்டை விட்டார்.

விரிசல்தான் வரமாட்டேன் என்றது. கொத்தனார்கள் உளியால் கொத்தக் கொத்த, பாலம் ஆற்றிக்கொண்டே வந்தது. ஓர் உளியை எடுப்பதற்குள் காயம் மூடிக்கொண்டுவிட்டது. அந்த உளி இன்றும் உள்ளேதான் இருக்கிறது.

"இவ்வளவு நல்லாக் கட்டியிருக்கக் கூடாது நான்," என்று நப்பின்னை தலையில் அடித்துக்கொண்டு, தார்க் குச்சியால் விரிசலை வரையச் சொன்னாள்.

அதற்குள் வீரபாகு ஏப்பம் விட்டபடி திரும்பினார். பாலத்தை மேலும் கீழும் பார்த்தார். ஈட்டியால் பாசியைக் குத்தினார்.

"நான் போறப்போ புதுசா இருந்த மாதிரி ஒரு ஞாபகம்."

"வெயிலு," என்றாள் பர்வதம். "கண்ணக் கட்டியிருக்கும்."

வீரபாகுவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "பேசுற பாலம்தானே? அதுவே சொல்லட்டும்," என்று ஒரு காலை எடுத்து வைத்தார். மாசிலாமணி நப்பின்னையைப் பார்த்தார். நேற்றுவரை, நப்பின்னையின் சோதனைகளில், அந்தப் பாலம் கணீரென்ற குரலில், 'வணக்கம், என் உடல்நிலை மிக நன்று' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நப்பின்னை தன் கைக்கருவியில் எதையோ அழுத்தினாள். பாலம் இருமியது. நீளமாக, கோழை கட்டிய இருமல்.

"மெதுவா மிதிங்கப்பா," என்றது. "மூட்டெல்லாம் வலிக்குது. உங்க பாட்டன் இப்படித்தான் திம்முதிம்முன்னு நடப்பான்."

வீரபாகுவின் கண் கலங்கிவிட்டது. "எங்க பாட்டனத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம? உன் மீசைதான் அவனுக்கும்."

பழைய பாலத்துக்கு நாடா கட்டியது குற்றம் என்று பயந்து, தளபதி தாமே அதை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். எதிர்க்கரையில் காத்திருந்த வண்டி பாய்ந்து வந்தது. ஜன்னலில் செண்பகத்தின் வெளிறிய முகம் ஒரு கணம் தெரிந்தது. பாலம் இருமலை நிறுத்தி, சொந்தக் குரலில், "கவலை வேண்டாம், நான் தாங்குவேன்" என்றது. அன்று சாயங்காலம் செண்பகம் ஒரு பெண்ணைப் பெற்றாள். இருவரும் நலம்.

இது ஊர் ஊராகப் பரவியது. பம்புக்குத் துரு வண்ணம் அடித்தார்கள்; ஓடியது. கடல்நீர் எந்திரத்தைச் சிலந்தி வலையால் போர்த்தினார்கள். குடம் குடமாக நல்ல தண்ணீர் வந்தது. மின்சாரப் பேருந்துக்கு மேலே கூண்டும் முன்னே இரண்டு மர மாடுகளும் வைத்தார்கள். அது மணிக்கு எண்பது கல் வேகத்தில் பறந்தது. நாட்டில் புதிதாக ஒன்றுமே இல்லை. அதனால் எல்லாமே வேலை செய்தது.

கடைசியில் வேந்தர் பாலத்தைத் திறக்க வந்து சேர்ந்தார். பின்னால் அமைச்சர், பக்கத்தில் தாம்பாளத்தோடு மாசிலாமணி. எதிரே பாசியும் தாரும் கட்டிலுமாகக் கிழப் பாலம். முதல்முறையாகத் தாம்பாளம் ஆடியது, கத்தரிக்கோல் கலகலத்தது.

"கும்பலிங்கனாரே, என்ன இது?"

தெரியாது என்றால் பதவி போகும். அமைச்சர் மென்று விழுங்கினார். "இது... மிகப் பழைய பாலம், வேந்தே. தங்கள் முப்பாட்டனாரின் முப்பாட்டனார் காலத்தது."

"தானே ஆறும், தானே பேசும் என்றார்களே?"

"ஆறும், வேந்தே. பேசும்."

வேந்தர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இவையெல்லாம் அப்போதே நம்மிடம் இருந்தன!"

வேந்தர் பாலத்தின் மேல் ஏறி முழங்கினார். "இன்று முதல் இந்நாட்டில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படாது! எல்லாம் முன்னோர் கண்டவையே. தோண்டி எடுத்தால் போதும். நிலத்தடியில் கிடைப்பது எதுவாயினும் முன்னோர் வாக்கு. அதை மீறுகிறவன் என்னையே மீறியவன், நானே மீறினாலும் சரி!"

பொறியாளர்களுக்குச் சம்பளம் அதேதான், கையில் மட்டும் மண்வெட்டி ஏறியது. நப்பின்னை காலையில் ஒரு மோட்டாரைச் செய்து புதைப்பாள். மத்தியானம் மேளதாளத்தோடு தோண்டி எடுப்பாள். வேந்தர் ஒவ்வொரு முறையும் வந்து கண்ணீர் மல்கினார். மாசிலாமணி அவற்றைத் தாம்பாளத்தில் ஏந்திக் காட்டினார்.

ஒருநாள் மோட்டாரை எதிர்பார்த்து வேந்தர் வந்தபோது, குழியிலிருந்து ஒரு கல் வெளியே வந்தது. அதில் எழுத்து இருந்தது. வேந்தரே உரக்க வாசித்தார்.

"மக்கள் பணத்தில் கட்டியது மக்களுக்குத் திறந்தே கிடக்கும். யாரும் வந்து வெட்ட வேண்டியதில்லை."

வேந்தர் கல்லைத் தடவினார். எழுத்தில் ஒரு துளி மண்கூட ஒட்டவில்லை. அவர் மாசிலாமணியை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கல்லைப் பொய் என்றால் பாலமும் பொய், முப்பாட்டனாரும் பொய், தோண்டிய இடத்திலெல்லாம் சிந்திய கண்ணீரும் பொய். மாசிலாமணியின் கையில் தாம்பாளம் மலைபோல் அசையாமல் நின்றது.

"முன்னோர்..." என்றார் வேந்தர், தொண்டையைச் செருமி, "தீர்க்கதரிசிகள்."

சட்டம் அன்றே அமலுக்கு வந்தது. தங்கக் கத்தரிக்கோலைப் பர்வதம் வாழைத்தண்டு நறுக்க வாங்கிக்கொண்டாள். வேந்தரின் பரிவாரம் தூசி கிளப்பிக்கொண்டு மறைந்ததும், கற்சிற்பி ஒருவர் மரத்தடியிலிருந்து வந்து புதுக் கல் ஒன்றைக் குழியோரம் இறக்கினார். ஊரே சூழ்ந்துகொண்டது. அதில் என்ன எழுதுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பள்ளிக்கூடம் என்றார் ஒருவர். ஆற்றுமணல் என்றார் இன்னொருவர். அரியணையிலிருந்து இறங்க ஒரு படிக்கட்டு என்று கட்டில் கிழவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு, யோசித்தார்கள்.

செண்பகம் மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள்.

"எழுதுறத சீக்கிரம் எழுதுங்கப்பா," என்றாள். "தேர்தலுக்கு முன்னாடி பாசி பிடிக்க வேணாமா?"