நோட்டீசுக்கு வானிலை சொன்னவர்

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கிய நான், ஆங்கிலத்தில் வந்த ஒரு பக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு, என் சித்தப்பா மகன் செல்வத்தை மூன்று நாள் வீட்டுக் கொல்லையில் ஒளிந்திருக்கச் சொன்னவன். எழுதும்போதே காது சிவக்கிறது.

செல்வத்துக்குச் சிங்கப்பூரில் வேலை. வெள்ளிக்கிழமை விமானம். திங்கட்கிழமை வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. பான் கார்டு வரத் தாமதமானதால் பொறுமையில்லாமல் இரண்டாவது தடவையும் மனுப் போட்டிருந்தான். இரண்டும் வந்து சேர்ந்தன. ஒருவருக்கு ஒரு கார்டுதான் இருக்கலாம் என்று தெரியாமல், ஸ்பேர் சாவி போல இரண்டையும் பர்சில் வைத்துக்கொண்டு திரிந்தான். நோட்டீஸில் ‘பெனால்ட்டி’ என்ற சொல் என் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் எதுவும் படவில்லை.

“ஏர்போர்ட்லயே பிடிச்சுடுவாங்கடா” என்றேன்.

சித்தி அழுதாள். செல்வம் டிக்கெட்டை ரத்து செய்ய ஏஜென்டைக் கூப்பிட ஆரம்பித்தான். புதன் ராத்திரி சித்திதான், “எதுக்கும் குடவாசல் வானிலைகிட்ட ஒருவாட்டி காட்டிடுப்பா” என்றாள்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே ஆங்கிலத்தைக் கண்டு பயப்படாத ஒரே மனிதர் வானிலைதான். தாலுகா ஆபீஸுக்கு எதிரே புங்கமர நிழலில் மனு எழுதுபவர். அபராதம் தொடர்பான இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் மழைக்கணக்கில் வைத்திருந்தார்; அந்தப் பட்டப்பெயர் அதனால்தான். ‘லயபிள்’ என்றால் மேகமூட்டம்; வரலாம், வராமலும் போகலாம். ‘இம்போஸ்’ என்றால் மழை இறங்கிவிட்டது. ‘ரெக்கவரி’ என்றால் வெள்ளம் வாசலில். ‘லெவி’ மட்டும் இந்தக் கணக்கில் வராது. “அது நம்ம ஊர்க்காரன்ல? அந்தக் காலத்துல சர்க்காருக்குன்னு நெல்லு அளந்துகிட்டுப் போனவன்தானே!” என்பார்.

வியாழன் காலை நாங்கள் போனபோது, ஓர் அம்மாள் இன்சூரன்ஸ் கடிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். வானிலை கண்ணாடியைக் கழற்றினார். “ஃபார்ஃபீட்னு போட்டுட்டான், கட்டின பணம் போச்சு. இது பேஞ்சு ஓஞ்ச மழைம்மா. ஆனாலும் ஒரு மனு போட்டுப் பாப்போம், உக்காருங்க” என்றார். அடுத்தவர் கடிதத்தில் அபராதம் தள்ளுபடி என்பதற்கு ‘வெய்வ்டு’ என்றிருந்தது. அதை மூன்று தடவை, பாட்டு மாதிரி வாசித்தார். “வெயில் அடிக்குதுய்யா! போய் நெல்லைக் காயப்போடு!”

எங்கள் நோட்டீஸைக் கையெழுத்திலிருந்து மேல்நோக்கிப் படித்தார். அதுதான் அவர் வழக்கம்.

“இதை யாரு படிச்சது?”

“அண்ணன்தான். எம்.ஏ.” என்றான் செல்வம்.

“எதுல?”

“இங்கிலீஷ்ல” என்றேன், தரையைப் பார்த்து.

“அதானே பாத்தேன்.” செல்வத்திடம் திரும்பினார். “தம்பி, வெறும் மேகமூட்டம். ஏன் பெனால்ட்டி போடக்கூடாதுன்னு உன்னைக் கேக்கறான். பதினஞ்சு நாள் டயமும் குடுத்திருக்கான். கேட்டதுக்குப் பதில் எழுதி, ஒரு கார்டைத் திருப்பிக் குடுத்துட்டு நாளைக்குப் பிளேன் ஏறு.”

செல்வம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“சார், உங்களை விடல. வீட்டைக் கலக்கினதுக்கு உங்களுக்கு ஒரு பெனால்ட்டி. இம்போஸ்! பேனாவை எடுங்க, பதிலை நீங்கதான் எழுதறீங்க.”

முதல் வரியிலேயே என் பட்டப்படிப்பு முழுவதையும் இறக்கினேன்.

“என்ன சார் இது, கல்யாணப் பத்திரிகையா? அடிங்க!”

மூன்று தடவை அடித்து, நாலாவது தடவை ஐந்தே வரியில் முடிந்தது. கார்டு வரத் தாமதமானது, இன்னொரு மனுப் போட்டது தப்பு, ஒன்றை ஒப்படைக்கிறேன், அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் எழுதியதில் யாருக்காவது பயன்பட்ட ஒரே உரைநடை அது. சித்தி மூன்று நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் உலை வைத்தாள். வெள்ளிக்கிழமை செல்வம் பறந்துவிட்டான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், காரியம் இல்லாவிட்டாலும் புங்கமரத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.

ஒரு மாதம் கழித்துச் செல்வம் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். “அண்ணே, கம்பெனில இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க. போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பறேன்.”

பெருமையோடு கண்ணாடியைத் தேடினேன்.

“நீங்க படிக்க வேணாம்ணே. அப்படியே கொண்டுபோய் வானிலை ஐயாகிட்ட காட்டிடுங்க.”