செனட்டர் ஹாஸ்கின்ஸின் இடது முழங்கால்

களிம்பு டப்பா காலி. ஆர்லீன் விரலை உள்ளே விட்டு ஓரமெல்லாம் வழித்துப் பார்த்தாள். நகக்கண் அளவுகூடத் தேறவில்லை.

"அவ்வளவுதான்," என்றாள்.

கட்டில் ஓரத்தில் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக் காத்திருந்தார் அவள் கணவர் செனட்டர் வெண்டல் ஹாஸ்கின்ஸ். வயது எழுபத்திரண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநில மேலவையில் இருபத்தாறு வருஷம். அதில் இருபத்தைந்து வருஷம் மாநில உரிமையைப் பற்றியே பேசியவர். மீதி ஒரு வருஷம் தொண்டை கட்டியிருந்தது.

இன்று மாலை நாலு மணிக்கு நீதிமன்ற வாசலில் கஞ்சா எதிர்ப்புப் பொதுக்கூட்டம். அவர்தான் நாயகர். பதினெட்டுப் படி ஏறினால்தான் மேடை. நவம்பர் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவள் முப்பத்தோரு வயதுக்காரி. அந்தப் படிகளை அவள் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவதை ஊரே கைப்பேசியில் பார்த்திருந்தது.

"நான் ஊன்றுகோலோட ஏறினேன்னு வை, அந்தப் பொண்ணு அதைப் படம் எடுத்துப் போட்டே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவா," என்றார். "உன் சர்ச் சிநேகிதி வீட்ல காய்ச்சறாங்கன்னியே, இன்னொரு டப்பா வாங்கிட்டு வாயேன்."

ஆர்லீன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

"அவ காய்ச்சல. ஆத்துக்கு அந்தப் பக்கம் காய்ச்சறாங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரிகன் மாநிலம். ஐடஹோக்காரர்கள் பாலம் தாண்டிப் போய் வாங்கிவருவது இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, விற்பனை வரி இல்லாத சாமான்கள். இன்னொன்றை எதிர்த்துத்தான் நாலு மணிக்கு அவர் பேச வேண்டும்.

"மூணு மாசமா என் முழங்கால்ல கஞ்சாவையா தேய்ச்சே?"

"மூணு மாசமா நீ ஊன்றுகோலைத் தொடல. அதையும் சேர்த்துச் சொல்லு."

எதிர்க்கட்சி இப்படிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். கேட்டது மனைவி. குரலைத் தாழ்த்தினார்.

"முழங்கால்ல தேய்ச்சா தலைக்கு ஏறுமா?"

"உனக்கு எதுவும் தலைக்கு ஏறி நான் பார்த்ததில்ல, வெண்டல்."

எழுந்து நின்று பார்த்தார். முழங்கால் தன் கருத்தைத் தெரிவித்தது. உட்கார்ந்துவிட்டார். மணி பதினொன்று.

"நீ போய் வாங்கிட்டு வந்துடு."

"என் கார் பட்டறையில கிடக்கு. உன் பெரிய பிக்கப் வண்டியை நான் ஓட்டினா பாலமே தாங்காது. நீ ஓட்டு, நான் இறங்கி வாங்கறேன்."

அதில்தான் சிக்கல். அவருடைய வண்டியின் நம்பர் பலகை சாதாரணப் பலகை அல்ல. சட்டமன்ற உறுப்பினர்களுக்கென்றே அரசாங்கம் கொடுக்கிற தனிப் பலகை. அரை மைல் தூரத்தில் வரும்போதே உள்ளே இருப்பவர் யார் என்று ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே செய்தது. இருபத்தாறு வருஷமாக அந்த நோக்கத்தில் அவருக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

தோட்டத்துக் குழாயைத் திறந்து, ரோஜாப் பாத்தியில் சேறு குழைத்து, முன்னும் பின்னும் பலகையில் அப்பினார். கூட்டத்துக்காக முந்தின நாள்தான் வண்டியைக் கழுவி மெழுகு பூசியிருந்தார்கள். பளபளக்கிற வண்டியில் நம்பர் பலகை மட்டும் சேறாக இருந்தது, கல்யாண மாப்பிள்ளை மூக்கில் கட்டுப் போட்டதுபோல.

பாலத்துக்கு இரண்டு பர்லாங் முன்னாலேயே பின்னால் சிவப்பு விளக்கு சுழன்றது. மெரிட் என்கிற போலீஸ்காரர் இறங்கி வந்தார்.

"அட, செனட்டர் சார். வண்டி கண்ணாடியாட்டம் இருக்கு, நம்பர் மட்டும் தெரியல. எவனோ திருட்டுப்பயன்னு நினைச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே தன் கைக்குட்டையால் இரண்டு பலகைகளையும் துடைத்தார். முன்னைவிட அதிகமாக மின்னின. "வேணும்னே பூசியிருக்கான் சார். இந்தக் காலத்துப் பசங்களுக்கு மட்டு மரியாதையே கிடையாது."

"கிடையாது," என்றார் செனட்டர்.

"பாலம் தாண்டியா போறீங்க?"

பொய் சொல்ல யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு என்றுமே வந்ததில்லை. "ஆய்வுக்குப் போறேன். அந்தக் கஞ்சாக் கடை வாசல்ல நம்ம மாநில வண்டி எத்தனை நிக்குதுன்னு நானே எண்ணி, மேடையில சொல்லப் போறேன்."

பக்கத்து இருக்கையில் ஆர்லீன் கண்களை மூடிக்கொண்டாள்.

மெரிட் நெகிழ்ந்துபோனார். இந்த வயதில் இப்படி ஒரு கடமை உணர்ச்சியா என்று, விளக்கு சுழல, சைரன் ஒலிக்க, முன்னால் வழிவிட்டுக்கொண்டே போனார். பாலத்தின் நடுவில் மாநில எல்லைக் கோடு வந்ததும் நின்று சல்யூட் வைத்தார். அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. "திரும்பி வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கறேன் சார். ஊருக்குள்ள கூட்டிட்டுப் போகணும்ல."

போகிற போக்கில் அவர் தன் மைத்துனிக்கும் போன் போட்டிருந்தார். மைத்துனி டெலேனி உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர், வயது இருபத்து நாலு. குறுக்கு வழியில் வந்து, இவர்களுக்கு முன்பாகவே கடை வாசலில் காமிராவோடு நின்றிருந்தாள்.

"எண்ணிட்டேன் செனட்டர். நாற்பத்தோரு வண்டி. முப்பத்தாறு நம்ம மாநிலம்."

"பார்த்தியா? நம்ம இளைஞர்கள் எப்படிச் சீரழியறாங்க, பார்."

அவர் கை காட்டிய காரின் கதவு திறந்தது. முதலில் ஒரு வாக்கர் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார்.

நிருபர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போக முடியாது. உள்ளே போனார். நகைக் கடைபோல கண்ணாடி அலமாரிகள். வரிசையில் பதினேழு பேர், ஒருவருக்கும் அறுபதுக்குக் குறைந்த வயது இல்லை. பாதிப்பேர் அவருடைய சர்ச். மீதிப்பேர் அவருடைய ஓட்டு.

"வா, வெண்டல்," என்றார் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடும் ஹெர்ஷல். "உனக்கு முதுகா, முழங்காலா?"

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"அப்போ முழங்கால்தான்," என்றார் ஹெர்ஷல், பின்னால் நிற்பவரிடம்.

டெலேனி குறிப்பேட்டைத் திறந்தாள். "என் வயசுக்காரங்க ஒருத்தரைக்கூடக் காணோமே, செனட்டர்?"

"எங்கேயாவது ஒளிஞ்சிருப்பாங்க."

"நாங்க இதைத் தொடறதில்ல. எனக்குக் காபி குடிச்சாலே தூக்கம் போயிடும்." எழுதிக்கொண்டே கேட்டாள். "வாஷிங்டன் நம்ம விஷயத்துல தலையிடக்கூடாது, இது மாநில உரிமைன்னு சொல்றீங்க. அப்போ இந்தக் கடை ஒரிகனோட மாநில உரிமைதானே?"

"உரிமை எல்லா மாநிலத்துக்கும் உண்டும்மா. ஒழுங்கா நடந்துக்கற மாநிலத்துக்குக் கொஞ்சம் கூடுதலா உண்டு."

ஹெர்ஷல் மட்டும் கைதட்டினார்.

கல்லாவில் கடைக்காரப் பெண் வில்லோ நின்றாள். முப்பது வயதுக்குள், மூக்கில் வளையம். இருபத்தோரு வயது ஆகிவிட்டதா என்று பார்க்க அடையாள அட்டை கேட்டாள். சட்டம் அப்படி. அட்டையை வாங்கியவள் பெயரைப் படித்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் பெயரைப் படித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு டப்பாக் களிம்பை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

"இது ஆதாரம்," என்றார் செனட்டர் நிருபரிடம். "மேடையில காட்டப் போறேன்."

"இதோட பாலம் தாண்டினா குற்றமாச்சே," என்றாள் டெலேனி. "போன வருஷம் நீங்கதான் சட்டம் கொண்டுவந்தீங்க. அபராதத்தைக் குறைக்க நீதிபதிக்குக்கூட அதிகாரம் இல்லைன்னு ஒரு வரி வேற சேர்த்தீங்க. பாலத்துல எங்க அத்தான் நிக்கறார்."

செனட்டர் தன் சட்டத்தை மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். ஓட்டையே இல்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

"அப்படின்னா சோதனையை இங்கேயே முடிக்கணும்," என்றார். "ஒரு பொருளை எதிர்க்கறவன் அதோட கெடுதலைத் தானே அனுபவிச்சுப் பார்க்க வேண்டாமா?"

வண்டியின் பின்பக்கக் கதவை இறக்கி அதில் உட்கார்ந்தார். ஆர்லீன் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வரிசை மொத்தமும் வெளியே வந்து சுற்றி நின்றுகொண்டது.

"வட்டமா தேய், ஆர்லீன்."

"சில்லுக்குக் கீழே, அங்கேதான் பிடிப்பு இருக்கும்."

"சாக்ஸைக் கழட்டுங்க, நரம்பு எல்லாம் பாதத்துலதான் முடியுது."

பத்து நிமிஷம் ஆயிற்று. செனட்டரின் முகம் தளர்ந்தது. "கெடுதல் எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஹெர்ஷல். அந்த நேரம் பார்த்து காமிரா சொடுக்கியது.

செனட்டருக்கு வியர்த்தது. சுருட்டிய கால்சட்டை, கையில் டப்பா, பின்னால் கடையின் பெயர்ப்பலகை. நாளைக் காலை இது வந்தால் நவம்பர் வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம்.

"டெலேனி," என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை திருமதி அக்கர்மன். "அந்தப் படத்துல நானும் இருக்கேன்னு நினைக்கிறேன்."

"இருக்கீங்க, மிஸ்."

"அழி."

"மிஸ், பத்திரிகைச் சுதந்திரம்னு…"

"அதை உனக்கு ஆறாம் வகுப்புல சொல்லிக் கொடுத்ததே நான்தான். அழி."

அழித்தாள்.

செனட்டர் எழுந்து நின்றார். வலி இல்லை. சுற்றிலும் பார்த்தார். முதுகு, இடுப்பு, தோள், விரல் என்று ஒவ்வொரு நோவாக நின்றுகொண்டிருந்த பதினேழு பேரும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். அவர் போட்ட சட்டத்துக்குப் பயந்து டப்பாவைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு பாலம் தாண்டுகிறவர்கள். சுருட்டிய கால்சட்டையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷம் தப்பாவே பேசிட்டேன்," என்றார். "நாலு மணிக்கு அந்த மேடையில ஏறி, நம்ம மாநிலத்துலயும் இதை அனுமதிக்கணும்னு சொல்லப் போறேன். தோத்தாலும் பரவாயில்ல."

ஆர்லீன் நாற்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாகக் கணவரைப் புதிதாகப் பார்த்தாள். ஹெர்ஷல் தொப்பியைக் கழற்றினார்.

கடைக்குள்ளிருந்து வில்லோ மூச்சிரைக்க ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்படி எதுவும் பேசிடாதீங்க. உங்க ஊர்ல இதை அனுமதிச்சுட்டா எங்க கடைக்கு எவன் வருவான்? அந்த மேடையே எங்க கடைக் காசுல போட்டதுதான்."