மீட்டரில் சொன்ன பொய்

இந்த வருஷம் தபசு காலத்துக்கு என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. உறுதியாகத் தீர்மானித்துவிட்டேன். மனைவி ஜோசஃபினிடம் சொல்வதுதான் பாக்கி.

தங்கவயலிலிருந்து அவர் வந்தால், ஈஸ்டர் வரை நாற்பது நாளும் பெங்களூரில் எங்கள் வீடு கன்னியர் மடம்தான். கறி கிடையாது. சிகரெட் கிடையாது. சாயங்காலமானால் முழங்காலில் மூன்று ஜெபமாலை. போன வருஷம் வரை மைத்துனர் வீடு தாங்கியது. இப்போது எங்கள் முறை.

அந்த நேரம் பார்த்து, ஏழாவது படிக்கும் என் மகள் நோராவுக்குப் பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். சொந்த வீட்டை அளந்து, மீட்டருக்கு மாற்றி, வரைபடம் போட வேண்டும். கிலோவும் மீட்டரும் புதிதாக வந்த சமயம். கடைத்தெருவில் எல்லோரும் திருதிருவென்று முழித்தார்கள். அடியில் பொய் சொன்னால் ஜோசஃபின் உடனே பிடித்துவிடுவாள். மீட்டரில் சொன்னால்?

மாமியார் வந்தால் படுக்க வேண்டிய முன்னறையின் நீளம் சரியாக ஏழடி. படத்தில் 165 சென்டிமீட்டர் என்று போடச் சொன்னேன்.

"ஒரு அடிக்கு முப்பது சென்டிமீட்டர்னு மிஸ் சொன்னாங்கப்பா. எரநூத்திப் பத்துல்ல வருது?" என்றாள் நோரா.

"செவுத்துக் கனத்தைக் கழிக்கணும்மா. அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினாள். டீச்சர் என்ன, வீட்டுக்கு வந்து அளக்கவா போகிறார்? பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார். ஜோசஃபின் அந்தப் படத்தைப் பெருமையாகச் சுவரில் ஒட்டினாள்.

அன்று சாயங்காலமே பேச்செடுத்தேன். உங்கம்மா நல்ல உயரம், முன்னறையில் காலைக்கூட நீட்ட முடியாது, வயதானவரை வதைக்கலாமா என்று உருகினேன்.

ஜோசஃபின் படத்துக்கு எதிரில் போய் நின்றாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அம்மா அஞ்சடி ஏழு அங்குலம். நூத்தி எழுபது சென்டிமீட்டர். நீங்க சொல்றது சரிதாங்க, அங்க படுக்க முடியாது."

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"அதனால அம்மா உள்ள கட்டில்ல என்கூடப் படுத்துக்கட்டும். நீங்க கொஞ்சம் நேரா நில்லுங்க."

தையல் டேப்பை என் உச்சந்தலையில் வைத்துப் பாதம் வரை இழுத்தாள். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"நூத்தி அறுபத்திரண்டு. உங்களுக்கு மூணு சென்டிமீட்டர் மிச்சமே இருக்கு."

இல்லை, அறை அதைவிடப் பெரிசு என்று சொல்லலாம். சொன்னால் நோராவின் பத்து மார்க்கும் போகும், என் மானமும் போகும்.

தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் மாமியார் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். பெட்டியைச் சுமந்துகொண்டு நான் வீடு வந்து சேர்ந்தபோது, ஜோசஃபின் முன்னறையில் எனக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"கால்மாட்டுல ஒன்றரை அடி இடம் இருக்குங்க. அம்மா பெட்டிய அங்க வெச்சிடுங்க."