செத்த எறும்பும் சாகாத கிளீட்டஸும்

சேசு மரி சூசை துணை

குளச்சல்

ஜெர்மனியில் இருக்கும் அன்பு மகள் ரெஜிஷாவுக்கு அப்பா கிளீட்டஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உன் ஆராய்ச்சியில் நீ கண்டுபிடித்த, மரப்பிசினுக்குள் மாட்டிக் கல்லாகிப்போன எறும்பு, உலகத்தில் இனி ஒன்றுகூட இல்லாத இனம், அதற்கு என் பெயரை வைத்திருப்பதாகப் போனில் சொன்னாய் அல்லவா? படத்தைப் பார்த்து உன் அம்மா, "உடம்பு ஒண்ணுமில்ல, வாயி மட்டும் பெருசு. பேரு சரியாத்தான் வச்சிருக்கா" என்றாள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்க, பூசைக்குப் பெயர் எழுதும் கோயில்பிள்ளை ஆன்ட்ரூஸிடம் போனேன். அவரிடம் வகை இரண்டுதான். இருக்கிறவர்களுக்கு நன்றி, இறந்தவர்களுக்கு ஆன்ம இளைப்பாற்றி. "பேரு?" "என் பேருதான்." "இருக்கா, செத்தாச்சா?" கோயிலில் நின்று எறும்பைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா? "செத்து கோடிக்கணக்குல வருஷமாச்சு" என்றேன். மனுஷன் தலையை நிமிர்த்தாமலே எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முட்டுவலியால் நான் பூசைக்குப் போகாமல் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் தின்றுகொண்டிருந்தேன். அங்கே சாமியார், "மரித்த ஏலக்கார கிளீட்டஸின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிக்க, காலையில் எனக்குக் கட்டஞ்சாயா தந்த உன் அம்மாவே அலறிவிட்டாளாம். ஊரே ஓடி வருது. முன்னால என் கூட்டாளி பெர்லின். "மச்சான், போயிட்டியா!"ன்னு நெஞ்சில அடிச்சிட்டு உள்ள வந்தவன், என்னையும் கையிலிருந்த சாளையையும் பாத்து, "ஏலே, இருக்கியா? பிறவு நான் எதுக்குல அழுதேன்?"ன்னு சண்டைக்கு வாறான். நான் கை கழுவுறதுக்குள்ள, நான் மீன் ஏலம் விடுற ஏலக்கூடத்துல கண்ணீர் அஞ்சலி பிளக்ஸும் வச்சாச்சு.

வந்தவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "ரெஜிஷா எப்பம் வருவா? அவ வராம எடுக்கப்பிடாது." உயிரோட நிக்கிற எனக்கு அதக் கேட்டதும் அழுகை வந்துட்டு மக்களே. போன கிறிஸ்மஸும் நீ வரல்ல, அதுக்கு முந்தினதும் வரல்ல. உன்னைப் பாக்கணும்னு மனசு கிடந்து அடிக்கு.

ஆனாலும் நீ வர வேண்டாம். வீட்டில் சாவு விழுந்தால்தான் இப்போது லீவு என்று உன் புரொபசர் சொல்லிவிட்டாரே. வேலைதான் முக்கியம். நாங்கள் தைரியமாக இருக்கிறோம். எறும்பையும் உடம்பையும் கவனித்துக்கொள். வியாகுல மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அப்பா
கிளீட்டஸ்

பி.கு.: வர வேண்டாம்னு எழுதச் சொன்னது உன் அம்மா. பக்கத்துலயே நின்னா. இப்பம் மீன் கழுவப் போயிருக்கா. பிளக்ஸைக் கழற்ற நான் விடல்ல. போட்டோ எடுத்து இதோட வச்சிருக்கேன். உன் புரொபசருக்குத் தமிழ் தெரியாதுல்லா, என் படத்துல மாலை கிடக்கு, அது போதும். காட்டி லீவு வாங்கு. அந்தக் கிளீட்டஸ் இனி எங்கயும் போவாது. இந்தக் கிளீட்டஸப் பாக்க வா மக்களே.