மண்டபத்துக்குள் புகுந்த பல்கனித் தோட்டம்

மகளின் கலியாணத்துக்குப் பார்த்த மண்டபங்களின் இணையப் பக்கங்களை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கவேண்டும். அந்தச் சனிக்கிழமை எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

"அப்பா, பின்னேரம் திராமனிலையிருந்து அவையள் வருவினம். மண்டபங்களை ரீவியிலை காட்டுவம். எல்லாத்தையும் ஒரு ஃபோல்டரிலை போட்டுவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு மயூரி பற்றீஸ் பொரிக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவையள் என்றால் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும். நோர்வேயில், எங்கள் ஹவுகன்ஸ்டுவா வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறார்கள்.

கணினியை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நானாகத் தட்டித் தட்டிப் பழகியது. அதனால் எனக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் பிடித்தால் மேலே இருக்கிற நட்சத்திரத்தை அமத்துவேன். பக்கம் புக்மார்க்கில் சேர்ந்துவிடும். பிடிக்காவிட்டாலும் அமத்துவேன். பிறகொரு நாள் பிடித்தால் உதவுமே!

இப்படியே வருஷக்கணக்காக அமத்தினால் என்னவாகும்? மக்ரெல் மீன் குழம்பு, பனிக்கால ரயர், முழங்கால் நோவுக்கு எண்ணெய், கலியாண மண்டபம், எல்லாம் ஒரே வரிசையில் நின்றன.

அதற்குள் ஒரேயொரு ஃபோல்டர் மட்டும் ஒழுங்காக இருந்தது. பெயர் 'பல்கனித் தோட்டம்'. உள்ளே ஒரு பூக்கண்டும் கிடையாது.

விஷயம் இதுதான். துரொண்ட்ஹெய்மில் படிக்கிற காலத்தில் மயூரி தானே பார்த்துப் பிடித்த பொடியன்தான் மாப்பிள்ளை. எனக்குச் சொன்ன அன்றே ஒரு சட்டமும் போட்டாள்.

"அப்பா, ஊர்வழக்கம் எண்டு அவையின்ரை குடும்பத்தை விசாரிக்கப்படாது. தெரிஞ்சால் எனக்கு மரியாதை இல்லை. சரியோ?"

"சீ, நான் ஏன் பிள்ளை விசாரிக்கிறன்?"

வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றியும் விட்டேன். ஒரு மனிதரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. இணையத்தில் வருகிற மரண அறிவித்தல்களைத்தான் வாசித்தேன்!

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். மரண அறிவித்தலில் இல்லாத விபரம் வேறெங்கும் இல்லை. பிறந்த ஊர், இருந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், யார் கனடா, யார் லண்டன் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஒருவரைப் பிடித்தால் போதும், அவரிலிருந்து அடுத்தவருக்குத் தாவலாம். அப்படித் தாவித் தாவி, மாப்பிள்ளை பகுதியில் காலமான அத்தனை பேரையும் கொண்டுவந்து தோட்டத்தில் நட்டு வைத்திருந்தேன்.

இதை மயூரி கண்டால் அவள் முகத்தில் நான் முழிக்க ஏலாது. வருகிறவர்கள் கண்டால் கலியாணப் பேச்சே குழம்பிப்போகும். எனவே மண்டபங்களை 'மண்டபம்' என்று புது ஃபோல்டரில் போட்டு முடித்ததும், தோட்டத்தை ஒரு மூலைக்கு இழுத்து ஒளிக்கப் பார்த்தேன்.

பாதி வழியில் விரல் வழுக்கியது. தோட்டத்தைக் காணவில்லை!

மேலே தேடினேன். கீழே தேடினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டும் தேடினேன். இல்லை. அழிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கவலையே வரவில்லை. குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் தானாகப் போய்த் தொலைந்தது! நிம்மதியாக ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். தகப்பன் அமைதியான மனிதர், பற்றீஸ் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். தாய் கலகலவென்று கதைக்கிறவ. மயூரி என் கணினியை ரீவியில் இணைத்தாள். 'மண்டபம்' ஃபோல்டரைத் திறந்தாள்.

மண்டபங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நின்றன. கடைசியில் 'பல்கனித் தோட்டம்'.

அது அழியவில்லை. வழுக்கின கையோடு மண்டபத்துக்குள் விழுந்திருக்கிறது!

"அண்ணை, நீங்கள் தோட்டமும் செய்யிறனீங்களோ?" என்று தாய் நிமிர்ந்து இருந்தா. "எனக்கு அதெண்டால் உயிர். இந்தக் குளிருக்கை என்ன வைச்சனீங்கள்? காட்டுங்கோ பாப்பம்!"

"அது சும்மா... எல்லாம் பட்டுப்போச்சு" என்றேன். ஒருவகையில் அது உண்மைதான்.

"பட்டதையும் பாக்கலாம். ஏன் பட்டது எண்டு நான் சொல்லுவன்."

"மண்டபத்தை முதல் பாப்பமே..."

"அப்பாவுக்கு வெக்கம் அன்ரி" என்று மயூரி சிரித்தாள். என்னைப் பற்றிப் பெருமை அவளுக்கு. உள்ளே இருக்கிற எல்லாப் பக்கங்களையும் ஒன்றாகத் திறக்கிற வசதி ஒன்று இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும். அதை அமத்தினாள்.

பெரிய ரீவி. அது நிறைய ஒரு பெரியவர், மாலையோடு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது.

"இது எங்கடை ஐயா எல்லோ!" என்றா தாய்.

மயூரி பதறிப்போய் அடுத்த பக்கத்துக்குத் தாவினாள். அதில் மாப்பிள்ளையின் பெரியப்பா. அதற்கடுத்ததில் ஒரு மாமி. எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு விளக்கு எரிந்தது!

"ஹெர்ரகுட், அப்பா!" என்று மயூரி நோர்வே மொழியில் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "விசாரிக்கமாட்டன் எண்டு சொன்னனீங்கள் எல்லோ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லைப் பிள்ளை. வாசிச்சனான், அவ்வளவுதான்."

"அண்ணை" என்றா தாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "வாசிச்சு என்ன கண்டனீங்கள்?"

"நல்ல பகுதி எண்டு கண்டனான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் தகப்பன் பற்றீஸைக் கீழே வைத்தார்.

"இஞ்சை பாரும்" என்று மனிசியைப் பார்த்தார். "நாங்களும் மயூரியின்ரை அம்மான்ரை அறிவித்தலை வாசிச்சனாங்கள் தானே. நீர்தானே தேடி எடுத்தனீர்?"

தாய்க்குத் திடீரென்று சால்வையைச் சரிசெய்யவேண்டி வந்தது.

"அன்ரி, நீங்களுமோ?" என்றாள் மயூரி.

"ஓம் பிள்ளை. எல்லாரும் குடும்ப விளக்கு, குலவிளக்கு எண்டுதான் போடுவினம். உங்கடை அப்பா ஒரு வரி போட்டிருந்தார். 'என் பிழைகளையெல்லாம் சிரித்துக்கொண்டே திருத்தி வந்தவர்' எண்டு. அதை வாசிச்சுப்போட்டுத்தான் நான் இந்தக் கலியாணத்துக்கு ஓம் எண்டனான்."

மயூரி குனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் மறுபடியும் ரீவியில் தன் ஐயாவைப் பார்த்தா. என்னையும் ஒருக்கால் பார்த்தா.

"இப்ப திருத்த ஆளில்லாத குறை நல்லாத் தெரியுது, அண்ணை."

முதலில் சிரித்தது மயூரி. பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், மாலையோடு இருந்த ஐயாவைத் தவிர.

மண்டபம் அன்றே முடிவாகிவிட்டது. போகும்போது தாய் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டே, "எங்கடை ஆக்களைப் பற்றி இனி ஏதும் அறியவேணும் எண்டால் நேரை எனக்கு ஃபோன் எடுங்கோ" என்றா.

நான் எடுக்கவில்லை. அவவே ஒவ்வொரு நாளும் எடுத்து, உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றியும் சொல்கிறா. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கிற மாதிரி, இந்தக் கதைகளை ஒரேயடியாக மூட ஏதும் வசதி இருக்கிறதா என்று மயூரியிடம் கேட்டேன். இல்லையாம்.