நவுத்து அக்கா இறங்க மறந்த ஷேர் ஆட்டோ

திருவொற்றியூரிலிருந்து துறைமுகம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், கூட்ட நெரிசலைப் பார்த்துப் புல்லரித்துப்போகிற பிறவி ஒன்றுதான் கிடைக்கும். அது எங்கள் தெரு நவுத்து அக்கா. உடம்பின் செல்லுக்குள் நடப்பதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

பீரோவைத் திறக்க அவர் அம்மா கட்டிலைத் தள்ளினால், "சூப்பர்மா! இன்னொரு வாட்டி நவுத்து!" என்று கைதட்டுவார். பெயர் வந்த கதை அதுதான். படித்துப் படித்துக் கழன்றுவிட்டது என்று தெருவே பேசியது.

அன்று கல்மண்டபத்துக் கல்லூரி ஒன்றில் பத்து மணிக்கு அக்காவுக்கு நேர்காணல். ஏற்கெனவே நான்கு இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு மாமாவின் கூரியர் ஆபீஸில் உட்கார வேண்டியதுதான். துணைக்கு நான் போனேன். ஷேர் ஆட்டோவின் பின்கோடியில் அக்கா, பக்கத்தில் நான். வழியை அடைத்தபடி தொப்பி போட்ட பாய் ஒருவர், கூடையோடு மீன்காரம்மா, வாசலில் ஒரு பெயின்டர்.

கல்மண்டபம் வந்தது. பாய் முட்டியை மடக்கினார். மீன்காரம்மா கூடையோடு நகர்ந்தார். பெயின்டர் கீழேயே இறங்கி நின்றார். வழி கிடைத்தும் அக்கா அசையவில்லை. கண் கலங்கியிருந்தது.

"இதான்! இதேதான்! யம்மா, உன் உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் டி.என்.ஏ.ன்னு ரெண்டு மீட்டர் நூலு கீது. புரோட்டீன் உருண்டைங்க மேல சுத்தி வச்சிக்கீது. வேண்டிய சேதி அந்தச் சுத்துல மாட்டிகினா படிக்க முடியாது. அப்போ வேற புரோட்டீனுங்க கும்பலா வந்து உருண்டைய நவுத்தும். சிலத கழட்டியே வுட்டுடும். நூலு மட்டும் அறுவாது!"

"சும்மாவா செய்யுதுங்க?" என்றார் மீன்காரம்மா.

"சக்தியத் துன்னுட்டுதான் செய்யும்."

"நா தூங்கச்சொல்லோ?"

"அப்பவுந்தான்."

மீன்காரம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன். உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

இதற்குள் பெயின்டர் ஏறிக்கொள்ள, டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கியபோதுதான் அக்காவும் நானும் இறங்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. பத்து மணிக்குப் பத்தே நிமிடம்தான் இருந்தது.

"நைனா, வண்டியத் திருப்பு!" என்றார் மீன்காரம்மா.

"பேஜார் பண்ணாத யம்மா, எல்லாருக்கும் வேல கீது."

"என் மீனு நாறுனா நாறட்டும். திருப்புடான்றேன்!"

பாயும் பெயின்டரும் தலையாட்டினார்கள். வண்டி திரும்பியது. கல்லூரி வாசலில் மறுபடி எல்லோரும் நகர்ந்தார்கள். இந்தமுறை மீன்காரம்மாவே கீழே இறங்கி, அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். "உள்ள போயி சொல்லு கண்ணு, நாங்க நவுந்துகினோம்னு."

அக்கா உள்ளே போய் அதையேதான் சொன்னாராம்; ஷேர் ஆட்டோவை வைத்தே தன் ஆராய்ச்சியைப் புரியவைத்தாராம். வேலை கிடைத்துவிட்டது.

இப்போதும் ஷேர் ஆட்டோவில் யாருக்காவது நகர்ந்து உட்காரும்போது, எனக்குள்ளும் இப்படி எத்தனை கோடி நகர்வுகளோ என்று மலைத்துப்போகிறேன். கல்மண்டபம் வந்தால், அக்கா ஏறுகிறாரா என்று தலையை நீட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் கொஞ்சம் இடமும் விட்டு வைத்திருப்பேன்.